தேவதைக் கோட்டை: அயர்லாந்து வயல்களில் நிற்கும் அந்த வட்டம் உண்மையில் என்ன?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள க்ளேர் மாவட்டத்தில் ஒரு முள்மரத்துக்காக நெடுஞ்சாலையையே வளைத்துவிட்டார்கள் என்றொரு செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வலம் வரும். கூடவே பச்சை வயலுக்கு நடுவே வட்டமாக மரங்கள் சூழ்ந்த ஒரு மேட்டின் படம். அடியில், "தேவதைகளின் கோட்டை, ஐயாயிரம் ஆண்டுப் பழமை, ட்ரூயிட் பூசாரிகளின் கோயில்" என்று ஒரு வரி.

செய்தி பாதி உண்மை. படத்துக்கும் செய்திக்கும் சம்பந்தமில்லை. அடியில் இருக்கும் வரி மொத்தமும் தப்பு.

1999இல் நடந்தது இதுதான். நியூமார்க்கெட்-ஆன்-ஃபெர்கஸ் என்ற ஊருக்குப் புறவழிச்சாலை போடும்போது, லட்டூன் என்ற இடத்தில் தனியாக நின்ற ஹாதார்ன் முள்மரம் ஒன்று குறுக்கே வந்தது. மன்ஸ்டர் பகுதித் தேவதைகள் கானக்ட் பகுதித் தேவதைகளோடு சண்டைக்குப் போகுமுன் கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் உயிர்ப்பலி விழும் என்று கதைசொல்லி எடி லெனிஹன் பத்திரிகைக்கு எழுதினார். விஷயம் உலகச் செய்தியானது. திட்டத்தில் சிறு மாற்றம் செய்து, மரத்தைச் சாலையோரம் வேலிக்குள் விட்டுவைத்தார்கள். 2002இல் யாரோ அதன் கிளைகளை ரம்பத்தால் அறுத்துப் போட்டார்கள். மரம் மறுபடி தழைத்தது.

லட்டூனில் நிற்பது தனிமரம். படத்தில் வருவது வேறு சங்கதி. அதற்குத் தொல்லியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் ரிங்ஃபோர்ட், அதாவது வளையக் கோட்டை. அயர்லாந்துத் தீவு முழுவதும் சுமார் 45,000 இருக்கின்றன. ஒரு சின்ன அயர்லாந்துக் கிராமத்தின் வரலாற்றையும் நாட்டார் கதைகளையும் படிக்கப் போனால் முதலில் கால் இடறுவது இதில்தான்.

மாட்டுப் பட்டியிலிருந்து தொடங்கலாம்

மேய்ந்து வந்த மாடுகளை இரவில் அடைக்கப் பட்டி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டமாக முள்வேலி, ஒரே ஒரு வாசல், உள்ளே மாடு, பக்கத்திலேயே காவலுக்குப் படுக்கை. நரியோ திருடனோ வந்தால் ஒரு வாசலைப் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது அந்த முள்வேலிக்குப் பதில் மண்கரை, அதற்கு வெளியே ஒரு அகழி, உள்ளே குடும்பத்தின் வீடு. வளையக் கோட்டை அவ்வளவுதான். அது விவசாயியின் வீட்டு முற்றம். படை தங்கும் இடமும் இல்லை, வழிபாட்டுத் தலமும் இல்லை.

காலமும் ஐயாயிரம் ஆண்டு கிடையாது. பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில் கட்டப்பட்டவை. அயர்லாந்தில் அப்போது கிறிஸ்தவம் வேரூன்றிவிட்டது. எனவே கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதத்தின் ட்ரூயிட் பூசாரிகள் இதற்குள் வர வழியில்லை.

மண்ணால் கட்டியதை ராத் அல்லது லிஸ் என்பார்கள். மண் குறைந்து பாறை மிகுந்த பகுதிகளில் அதையே சுண்ணாம்பு சேர்க்காத கல்சுவராகக் கட்டினார்கள். அது கஹர் அல்லது கேஷல். ஊர்ப்பெயர்களில் இவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ராத்மைன்ஸ், லிஸ்டூன்வார்னா, கஹர்சிவீன். க்ளேரின் வடக்கே பர்ரன் என்ற சுண்ணாம்புப் பாறைப் பரப்பில் கல் ரகம் அதிகம். தெற்கே, கிழக்கே புல்வெளிகளில் மண் ரகம்.

கரையும் அகழியும்: எப்படிக் கட்டினார்கள்?

முறை எளிது. நடுவில் முளை அடித்துக் கயிறு கட்டி வட்டம் போடு. வட்டத்துக்கு வெளியே தோண்டு. தோண்டிய மண்ணை உள்பக்கம் வீசு. தோண்டிய பள்ளம் அகழி, வீசிய மண் கரை. ஒரே வேலையில் இரண்டும் கிடைக்கிறது. வாசலுக்கு மட்டும் சில அடி தூரம் தோண்டாமல் விட்டுவிடுவார்கள், அதுதான் உள்ளே போகும் பாதை. வாசல் பெரும்பாலும் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்த்திருக்கும். அங்கே காற்றும் மழையும் மேற்கிலிருந்து வரும். காலை வெயில் கிழக்கிலிருந்து வரும். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்விட்டம் 30 மீட்டர் என்பது சாதாரணமாகக் காணும் அளவு. கரையின் அடி அகலம் 4 மீட்டர், அகழியின் மேல் அகலம் 3 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர், வடிவம் 'வி' எழுத்துப் போலக் கீழே குறுகுவது என்று வைத்துக்கொள்வோம். அகழியின் நடுக்கோட்டுச் சுற்றளவு சுமார் 129 மீட்டர் வரும். தோண்ட வேண்டிய மண் ஏறக்குறைய 290 கன மீட்டர். இரும்பு முனை வைத்த மரமண்வெட்டியால் ஒருவர் நாளுக்கு ஒன்றரை கன மீட்டர் அள்ளினால் 193 ஆள்-நாள். ஆறு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த மண்ணைக் கரையாகக் குவித்தால் உயரம் 1.35 மீட்டர்.

இது குறைவாகத் தோன்றும். ஆனால் வெளியிலிருந்து ஏறுகிறவனுக்கு அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சி வரை கிட்டத்தட்ட மூன்று மீட்டர், அதுவும் சறுக்கும் ஈரமண். கரைமேல் முள்வேலியோ மரவேலியோ வேறு இருக்கும். இரவில் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போக நினைப்பவனுக்கு இது போதுமான தலைவலி. முற்றுகையிட்டு நிற்கும் படைக்கு எதிராக இது தாங்காது. தாங்க வேண்டும் என்று யாரும் கட்டவும் இல்லை. மாடு திருட வருபவர்களும் ஓநாயும்தான் அன்றைய கவலை. (ஓநாய் அயர்லாந்தில் 18ஆம் நூற்றாண்டு வரை இருந்தது.)

பெரும்பாலானவற்றுக்கு ஒரே கரைதான். சிலவற்றுக்கு இரண்டு, அபூர்வமாக மூன்று. கூடுதல் கரை பாதுகாப்புக்கு என்பதைவிட அந்தஸ்துக்கு என்பதே பொருத்தம். கி.பி. 700ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு ஐரிஷ் சட்டநூல் குறுநில அரசனின் வளாகத்துக்கு 140 அடி அளவும், 7 அடி தடிமனுள்ள கரையும், 12 அடி ஆழமும் விதிக்கிறது. குடிகள் உழைத்துக் கட்டித்தந்த கரை தன்னைச் சூழ்ந்திருக்கும்போதுதான் அவன் அரசன் என்றும் சொல்கிறது. அதாவது இரண்டாவது கரை, "எனக்கு மண் சுமக்க இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று ஊருக்குக் காட்டுவது.

உள்ளே யார் இருந்தார்கள்?

அதே சட்டநூல் வசதியான ஒரு விவசாயியின் சொத்துக் கணக்கையும் தருகிறது: 20 பசு, 2 காளை, 6 உழவு எருது, 20 பன்றி, 20 செம்மறி, சவாரிக்கு ஒரு குதிரை. வீடு 27 அடி. இந்தக் குடும்பம்தான் ஒற்றைக் கரை ராத்தின் சராசரிக் குடித்தனம்.

வீடு எப்படி இருந்தது என்பது ஆண்ட்ரிம் மாவட்டத்தில் டீர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் 1984 முதல் 1987 வரை நடந்த அகழாய்வில் தெளிவானது. தண்ணீர் தேங்கிக் காற்று புகாத மண் என்பதால் மரம் மக்காமல் இருந்தது. ஹேசல் குச்சிகளைக் கூடை முடைவதுபோல் பின்னி இரண்டு சுவர், நடுவில் குளிர் தாங்க வைக்கோல் மாதிரியான அடைப்பு. சுவர் வட்டம், கூரை கூம்பு. ஒரு வீட்டின் ஓக் நிலைக்கதவுக் காலில் மர வளையங்களை எண்ணியதில், அந்த மரம் வெட்டப்பட்ட ஆண்டு கி.பி. 648 என்றே தெரிந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு வருடம் முந்தைய ஒரு வீட்டுவாசலுக்கு இவ்வளவு துல்லியமான தேதி கிடைப்பது சாதாரணமில்லை.

க்ளேரில் இதற்கு இணையான கல் உதாரணம் கஹர்கமான். பர்ரனில் ஒரு செங்குத்துப் பாறைவிளிம்பில் மூன்று கல்சுவர்கள். உள்சுவர் முழு வளையம். வெளிச்சுவர்கள் இரண்டும் பாறைவிளிம்பில் போய் முடியும் அரைவட்டம். 1934இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு தோண்டியது. கிடைத்த எலும்புகளில் மிகப்பெரும் பகுதி மாட்டெலும்பு. ஒரு வெள்ளி உடையூசியும் கிடைத்தது. மூன்று சுவர் கட்டியவர் யாராக இருந்தாலும் அவருடைய செல்வம் மாட்டில்தான் இருந்தது.

இன்னொன்று கஹர்கானல். விட்டம் சுமார் 42 மீட்டர், சுவரின் தடிமன் சுமார் 3 மீட்டர். பத்தாம் நூற்றாண்டில் கட்டி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். வளையக் கோட்டைகள் எல்லாம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மன்கள் படையெடுத்து வந்ததும் ஒரேயடியாகக் காலியாகிவிட்டன என்று எழுதுபவர்களுக்கு பர்ரன் ஒரு மறுப்பு. கிழக்கில் அப்படி நடந்திருக்கலாம். கேலிக் குடும்பங்களின், அதாவது ஐரிஷ் மொழி பேசிய பூர்வகுடிகளின் கை ஓங்கியிருந்த மேற்கில் நடக்கவில்லை.

நிலத்தடியில் ஒரு அறை

பல வளையக் கோட்டைகளுக்குள் தரைக்கு அடியில் கல் அடுக்கிக் கட்டிய ஒரு பாதை இருக்கும். பெயர் சூட்டரேன். குழி தோண்டி, இருபுறமும் கல்சுவர் எழுப்பி, மேலே பலகைக்கல் பரப்பி, மண் மூடிவிடுவார்கள். குனிந்துதான் போக வேண்டும். நடுநடுவே வேண்டுமென்றே ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குக் குறுக்கியிருப்பார்கள். துரத்தி வருபவன் அந்த இடத்தில் தலையை முதலில் நீட்டித்தான் ஆக வேண்டும். உள்ளே தடியோடு நிற்பவருக்கு அது வசதி.

ஆபத்து நேரத்தில் ஒளிந்துகொள்ள, மற்ற நாளில் பாலும் வெண்ணெயும் கெடாமல் வைக்க என்று இரண்டுக்கும் பயன்பட்டது. கோடையிலும் உள்ளே குளிர்ச்சி மாறாது. கையில் கிடைத்த பெரிய கல்லையெல்லாம் கூரைக்குப் போட்டிருக்கிறார்கள். கெர்ரி மாவட்டத்தின் டன்லோ அருகே 1838இல் திறந்த சூட்டரேனில் பழைய ஓகம் எழுத்துக் கற்களே கட்டுமானக் கல்லாகக் கிடந்தன. ஓகம் என்பது கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறி எழுதும் தொல் ஐரிஷ் எழுத்து. முன்னோர் பெயர் பொறித்த கல்லைப் பின்னால் வந்தவர்கள் உத்தரமாக்கிக்கொண்டார்கள்.

இந்த அறையை மறந்துவிடாதீர்கள். கதைகளின் கதவு இங்கேதான் திறக்கிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்தால்: வளையக் கோட்டை என்பது கி.பி. முதல் ஆயிரத்தின் பின்பாதியில் வாழ்ந்த மாடு வளர்க்கும் குடும்பங்களின் வீட்டு வளாகம். வெளியே அகழி, உள்ளே கரை, நடுவில் வீடு, சிலவற்றில் நிலத்தடி அறை. தேவதை இன்னும் வரவில்லை.

தேவதைகள் எப்போது குடிவந்தார்கள்?

குடியிருந்தவர்கள் போன பிறகு. கரை புல் மூடியது. உள்ளே யாரும் உழாததால் பறவைகள் போட்ட விதையில் ஹாதார்னும் கருமுள்ளும் முளைத்து வளையமாகத் தோப்பாயின. சில தலைமுறையில் யார் கட்டியது என்ற நினைவு போய்விட்டது. அந்த இடைவெளியை இரண்டு பதில்கள் நிரப்பின.

முதல் பதில், "டேன்காரர்கள் கட்டினார்கள்". கடல்வழி வந்த வைக்கிங்குகளைத்தான் டேன்காரர் என்றார்கள். ஹெதர் பூவில் மது காய்ச்சும் ரகசியம் தெரிந்த கடைசி டேன்காரர் அதைச் சொல்லாமலே செத்தார் என்ற கதை நாடெங்கும் உண்டு. வரலாற்றுப்படி இது அபத்தம். வைக்கிங் தாக்குதல் தொடங்கியது 795இல், அப்போதே பல ராத்துகள் கட்டி நூறு, இருநூறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளில் "டேன் கோட்டை" என்றே பரவலாக வரும். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது அந்தச் சொல்லைப் பார்த்து வைக்கிங் குடியிருப்பு என்று முடிவு கட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இரண்டாவது பதில் தேவதைகள். இடைக்கால ஐரிஷ் இலக்கியத்தில் ஷீ எனப்படும் மறுவுலகத்தார் மேடுகளுக்குள் வாழ்கிறார்கள். அந்த மேடுகளில் பெயர்பெற்றவை நியூகிரேஞ்ச் போன்ற கற்கால ஈமமேடுகள். அவைதான் உண்மையில் ஐயாயிரம் வருடப் பழமை. காலப்போக்கில் அந்த நம்பிக்கை பக்கத்து வயலில் இருந்த ராத்துக்கும் இறங்கியது. ஒரு நாள் மாட்டின் கால் புதைந்து குழி விழுகிறது, கீழே பார்த்தால் கல்லால் கட்டிய அறை, ஆள் இல்லை. நிலத்தடியில் ஒரு இனம் வாழ்கிறது என்று சொல்ல இதைவிட என்ன சான்று வேண்டும்?

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது, சுற்றுலாப் பதாகைகள் அதைச் சொல்வதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் தேவாலய மண்ணில் புதைக்க அப்போது அனுமதி இருக்கவில்லை. அவர்களுக்குக் கிலீன் எனப்படும் தனி இடுகாடு. கைவிடப்பட்ட ராத்துகள் பல இதற்குப் பயன்பட்டன. இரவில் தகப்பனோ மாமனோ தூக்கிப்போய்ப் புதைத்து, தலைமாட்டில் பெயரில்லாத ஒரு சின்னக் கல் நட்டுவிட்டு வருவார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது. "அந்தக் கோட்டைப் பக்கம் விளையாடப் போகாதே" என்று ஒரு பாட்டி சொன்னால், அதற்குப் பின்னால் தேவதை மட்டும்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தத் தேவதை?

சிறகு முளைத்த குட்டிப் பெண்ணை மறந்துவிடுங்கள். அயர்லாந்து நாட்டார் வழக்கில் இவர்கள் மனித உருவத்தில், பெரும்பாலும் மனித உயரத்திலேயே இருப்பவர்கள். மாடு வளர்ப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆடுவார்கள். ஆனால் ஆட்டத்துக்கு உயிருள்ள ஒரு மனிதன் துணைக்கு வேண்டும் என்று இரவில் நல்ல ஆட்டக்காரனைத் தூக்கிப் போவார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கூடாது. "நல்லவர்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். பயத்தில் வந்த மரியாதை.

விதிகள் எல்லாம் நடைமுறை சார்ந்தவை. கோட்டையில் மரம் வெட்டாதே, கல்லெடுக்காதே. இரண்டு கோட்டைக்கு நடுவே வீடு கட்டாதே. அது அவர்கள் நடக்கும் பாதை. கட்டத்தான் வேண்டுமென்றால் நாலு மூலையிலும் கல்லோ குச்சியோ நட்டு ஓரிரவு விடு; காலையில் அசையாமல் இருந்தால் கட்டலாம். இருட்டிய பிறகு கழுநீரை வெளியே கொட்டுமுன் குரல் கொடு. தொட்டில்மேல் இரும்பு இடுக்கியை வை, குழந்தையை மாற்றிப்போட மாட்டார்கள்.

கடைசி விதியில்தான் இந்த நம்பிக்கையின் கொடூரமான பக்கம் இருக்கிறது. நன்றாக இருந்த ஒருவர் திடீரென்று நோயில் விழுந்து ஆளே மாறினால், உண்மையான ஆளைக் கோட்டைக்குள் கொண்டுபோய்விட்டு வேறொன்றைப் படுக்கையில் போட்டுவிட்டார்கள் என்பது விளக்கம். டிப்பரேரி மாவட்டம் பாலிவட்லியில் 1895 மார்ச்சில் பிரிட்ஜெட் க்ளியரி என்ற இளம்பெண் காய்ச்சலில் படுத்தார். இது என் மனைவி இல்லை என்று கணவன் மைக்கேல் க்ளியரி, உறவினர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தீயில் எரித்துக் கொன்றான். பிறகு கையில் கத்தியோடு கிலனக்ரானா கோட்டையருகே இரவுகளில் காத்திருந்தான். நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுத்து மீட்கலாம் என்று. கொலைக் குற்றத்துக்கு ஒருபடி கீழான பிரிவில் இருபது ஆண்டு தண்டனை கிடைத்தது. தேவதைக் கதைகளை அழகான பழமை என்று மட்டும் எழுதுபவர்கள் இந்த வழக்கைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

இதே நம்பிக்கைக்கு மருத்துவ முகமும் உண்டு. க்ளேரில் ஃபீக்கிள் ஊர்ப்பக்கம் வாழ்ந்து 1874இல் இறந்த பிடி எர்லி என்ற வைத்தியப் பெண், தேவதைகளிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட நீலக் குப்பியைப் பார்த்துக் குறி சொன்னதாக இன்றும் பேசுகிறார்கள். நோய்க்குக் காரணம் கேட்டுப் போனவர்களுக்கு, வீட்டின் எந்த மூலை பாதையில் நிற்கிறது என்பது வரை சொல்வாராம்.

சுருக்கமாக: கட்டியவர்கள் வேறு, கதை சொன்னவர்கள் வேறு. இரண்டுக்கும் நடுவே பல நூறு ஆண்டுகள். கதையை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முடியாது.

பயம்தான் காப்பாற்றியதா?

தேவதைப் பயத்தால்தான் இத்தனை கோட்டைகள் தப்பின என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஓரளவு சரி. குதிரை பூட்டிய ஏர் மட்டுமே இருந்த காலத்தில் 290 கன மீட்டர் மண்ணைத் திரும்ப அகழிக்குள் தள்ளுவது பெரிய வேலை. மேய்ச்சல் நிலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. சோம்பலும் சேர்ந்தே காப்பாற்றியது. 1949இல் அரசு நிலமேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, புல்டோசரும் மானியமும் வந்ததும், அதே பயம் இருந்த அதே ஊர்களில் கரைகள் மளமளவென்று சமமாயின. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு வேகம் இன்னும் கூடியது. ஒரு கோட்டையை இடித்தவருக்கு நேர்ந்த கெடுதி கதையாகி நிலைக்கும். ஒன்றும் ஆகாத மற்றவரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

வட்டமெல்லாம் ராத் அல்ல

வரைபடத்தில் வட்டத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். அகழி கரைக்கு வெளியே இருந்தால் வளையக் கோட்டை என்று யோசிக்கலாம். அகழி கரைக்கு உள்ளே இருந்தால் அது ஹெஞ்ச், கற்காலச் சடங்கு வளாகம். விட்டம் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் சுருங்கினால் ஈமமேடாக இருக்கலாம். மலையுச்சியையே சுற்றி ஏக்கர் கணக்கில் ஓடினால் மலைக்கோட்டை. அது ராத்தைவிட மிகப் பழையது. கரை சதுரமாகவோ செவ்வகமாகவோ இருந்தால் நார்மன் காலத்து அகழி வீடு. உயர்ந்து, உச்சி தட்டையாக இருந்தால் நார்மன்கள் மரக்கோபுரம் வைத்த மேடு.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது நிலச்சுவான்தார்களின் அலங்கார மரவட்டம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய பங்களா தெரியும் தூரத்தில் வட்டமாகக் கரை எடுத்து பீச் மரம் நட்டார்கள். வட்டம் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் கச்சிதமாக இருந்து, வாசல் இடைவெளி இல்லாமல், அருகே ஒரு பங்களாவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு கோட்டையின் கதையைத் தேடுவது

முதலில் டவுன்லேண்ட் பெயர் வேண்டும். அயர்லாந்தின் மிகச்சிறிய நிலப்பிரிவு அது. பெயரில் டவுன் இருந்தாலும் நகரம் கிடையாது, சில நூறு ஏக்கர் வயல்தான். தீவில் அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வருவதால் மாவட்டப் பெயரையும் தேவாலய வட்டத்தின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். இதைச் செய்யாமல் லிஷீன் என்று அதே பெயருள்ள வேறொரு டவுன்லேண்டின் வரலாற்றைத் தன் ஊர் வரலாறு என்று எழுதியவர்கள் நிறைய.

அடுத்தது ஆறங்குல வரைபடம். ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்த அரசு நில அளவை, முதல் பதிப்பு 1829 முதல் 1842 வரை. அதில் கோட்டை, சிறு கோடுகள் சூழ்ந்த வட்டமாக இருக்கும். அதே இடத்தை 1888 முதல் 1913 வரை வந்த இருபத்தைந்து அங்குல வரைபடத்திலும், பிறகு இன்றைய வான்படத்திலும் பாருங்கள். மூன்றையும் வரிசையாக வைத்தால் எந்தக் காலத்தில் கரை சிதைந்தது என்பது தெரிந்துவிடும். தரையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், வறண்ட கோடையில் பழைய அகழியின்மேல் வளரும் பயிர் ஈரம் கிடைத்து மற்றதைவிடப் பச்சையாக நிற்கும்; வானிலிருந்து வட்டம் தெரியும். அரசின் தொல்சின்ன வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு: மாவட்டக் குறி, வரைபடத் தாள் எண், சின்னத்தின் எண் என்ற வரிசையில். குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லாத் தேடலுக்கும் அதுதான் சாவி.

க்ளேர் என்றால் தாமஸ் வெஸ்ட்ராப்பின் ஆய்வுகளையும் பார்க்காமல் விடக் கூடாது. 1922இல் இறந்த இவர் அந்த மாவட்டத்தின் கோட்டைகளை நடந்து நடந்து அளந்தவர். ஊர்க்கதைகளையும் சேர்த்தே குறித்தார்.

கதைகளுக்குப் பள்ளிச் சேகரிப்பு. 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னது. தேவதைக் கோட்டை அதில் தனித் தலைப்பு. சுமார் 7,40,000 பக்கம் சேர்ந்தது. டூகஸ் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பயன்படுத்தும்போது சில எச்சரிக்கைகள். அங்கே குறிக்கும் இடம் பள்ளி இருக்கும் இடம், கதை நடந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. வடக்கு அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் இதில் இல்லை. சில பிள்ளைகள் பாட்டியைக் கேட்பதற்குப் பதில் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். நடை திடீரென்று வழுவழுப்பானால் சந்தேகப்படுங்கள். "இந்தக் கோட்டையிலிருந்து அந்தக் கோட்டைக்கு இரண்டு மைல் சுரங்கம்" என்று பாதிக் கட்டுரைகள் சொல்லும். சூட்டரேன் பொதுவாகச் சில பத்து மீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த வரியைத் தூக்கி எறியாதீர்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு சூட்டரேன் அங்கே திறந்து பார்க்கப்பட்டது என்பதற்கு அது துப்பாக இருக்கலாம்.

நேரில் போனால்

பெரும்பாலானவை தனியார் வயலில் இருக்கின்றன. வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். பொதுவாக மறுக்க மாட்டார்கள், கூடவே ஒரு கதையும் கிடைக்கும். நாய் வேண்டாம், செம்மறி மிரளும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடி. வயலில் காளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்சுவர்மேல் ஏறாதீர்கள், சாந்து இல்லாத சுவரில் ஒரு கல் நழுவினால் பத்துக் கல் கூடவே வரும். சூட்டரேனுக்குள் தனியாகப் போகவே கூடாது. கூரைக்கல் ஆயிரம் வருடமாகத் தாங்குகிறது என்பது இன்றைக்கும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மெட்டல் டிடெக்டரை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். 1987 முதல் அனுமதியின்றித் தொல்பொருள் தேடுவது குற்றம். பதிவான சின்னத்தில் வேலை செய்ய நில உரிமையாளரே இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1994 சட்டத் திருத்தம் சொன்னது. 2023இல் வந்த புதிய சட்டம் பழையவற்றின் இடத்தைப் படிப்படியாக எடுத்துவருகிறது.

பார்க்கச் சிறந்த காலம் குளிர்காலம். புதரும் பெரணியும் படுத்துவிடும், சூரியன் தாழ்ந்திருப்பதால் அரை அடி உயரக் கரைக்கும் நிழல் விழும். மே மாதம் ஹாதார்ன் பூத்து வட்டம் முழுக்க வெள்ளையாக நிற்கும்போது படம் நன்றாக வரும். கரை எங்கே, அகழி எங்கே என்று மட்டும் தெரியாது. முதல்முறை போகிறவர்கள் கஹர்கானலில் தொடங்கலாம்; பார்வையாளர்களுக்கென ஏற்பாடு உண்டு, அகழாய்வு பற்றிய விளக்கமும் கிடைக்கும். அங்கே சுவரைப் பார்த்துப் பழகிய பிறகு கஹர்கமானுக்கு நடந்து போங்கள். மழை பெய்திருந்தால் சுண்ணாம்புப் பாறை வழுக்கும். பாறைவிளிம்புப் பக்கம் தடுப்புக்கு எதையும் நம்ப வேண்டாம்.